கட்டஞ்சாயாவைச் சோற்றிலிருந்து தள்ளி வையுங்கள்

விடிகாலை நாலரைக்கெல்லாம் கம்பத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகச் சில, குமுளி வழியாகச் சில. மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கும் வண்டன்மேடு, புளியன்மலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காடுகளில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். வண்டிக்குள் பெரும்பாலும் பெண்கள்தான். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். என் மதினியும் அவர்களில் ஒருத்தி. இருபது வருடமாக மேட்டுக்குப் போய் வருகிறார்.

நான் கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வருபவர்களுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுப்பதும், இயந்திரம் தரும் எண்களைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பதும் என் வேலை. கையைப் பிடித்துத் திருப்பும்போதே சிலருக்கு உள்ளங்கை வெளுத்திருப்பது தெரியும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. அப்படி எத்தனையோ பேரைப் பார்த்த நான், சொந்த வீட்டில் இருந்த மதினியை ஒரு வருடம் கவனிக்காமல் இருந்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மதினிக்கு முதலில் வந்தது மூச்சு வாங்கல். சரிவில் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்றார். பிறகு தலை கிறுகிறுப்பு. அதற்கப்புறம் ஆளே மாறிப்போனார். வாய் ஓயாமல் பேசுகிறவர், வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். "ஆரையும் பாக்கப் பிடிக்கல, எதுலயும் மனசு ஒட்டல" என்றார். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வயசு, கடன், மகள் கல்யாணக் கவலை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றிய அன்று கொஞ்சம் தெம்பாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். அதில் ஒரு துளி ரத்தம் கூட ஊறாது. மூன்று நாள் கூலி அதில் போனது.

கடைசியில் நானே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.4.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். ஆணுக்கு 13, கர்ப்பிணிக்கு 11. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. எண்ணைச் சொன்னதும் மதினி நம்பவில்லை. "நான் கீரை திங்காத வாரமே இல்லையே? பேரிச்சம்பழம் வாங்கித் திங்கிறேன், பீட்ரூட்டு திங்கிறேன். எங்க போச்சு அம்புட்டும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தின்பது வேறு, தின்றதில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் இரும்புச்சத்து எதற்கு என்று பார்த்துவிடலாம். நாம் இழுக்கும் மூச்சிலிருக்கும் ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்து போவது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அதன் நடுவே இருப்பது இரும்பு. வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கும், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில் ஓடுகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு உடையும். உடைந்ததிலிருந்து இரும்பை உடம்பு பிரித்தெடுத்து மறுபடியும் புது அணு செய்யப் பயன்படுத்திக்கொள்ளும். தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியிலிருந்து, அதாவது சாப்பாட்டிலிருந்து, நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே போனால் போதும்.

கேட்க எவ்வளவு சின்ன அளவு! ஆனால் இந்த ஒன்றிரண்டு மில்லிகிராமில்தான் நம் பெண்களில் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விட்டது. சிலருக்கு அதைவிட அதிகம் போகும். பிரசவத்தில் இன்னும் நிறைய. ஆணுக்கு இந்தச் செலவு கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வீட்டில் கடைசியாக உட்கார்ந்து, மிச்சமிருக்கும் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

தேவை இரண்டு மில்லிகிராம் என்றால் எதற்கு 29 சாப்பிட வேண்டும்? சாப்பிட்டதில் பெரும்பகுதி சேராமல் வெளியே போய்விடுகிறது, அதனால்தான். சோறு, பருப்பு, கீரை என்று இருக்கும் நம் சாப்பாட்டிலிருந்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் உள்ளே ஏறும். கறி, ஈரல், மீன் இவற்றில் ரத்தத்தோடு ஒட்டிய வடிவத்தில் இருக்கும் இரும்பு வேறு ரகம். அது நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை ஏறும். குடலில் இரண்டு வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறியின் இரும்புக்குத் தனி வாசல், நேராக நுழைந்துவிடும். கீரை, தானியத்தின் இரும்புக்கு இன்னொரு வாசல். அந்த வாசலில் கெடுபிடி அதிகம். யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துத்தான் உள்ளே விடும்.

யாரோடு சேர்ந்து வரக் கூடாது என்றால், தேயிலையோடு.

மேட்டில் மத்தியானச் சாப்பாடு எப்படி நடக்கும் என்று மதினி சொல்லியிருக்கிறார். மரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைவார்கள். பக்கத்தில் கல் அடுப்பில் கட்டஞ்சாயா, அதாவது பால் ஊற்றாத தேநீர், கொதித்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும், சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் கை விரல் மடங்கும். ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு கட்டன். சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு டம்ளர். குறை சொல்ல இதில் எதுவுமில்லை, உழைக்கிற உடம்பு கேட்கிறது. ஆனால் அந்தக் கட்டனில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, டானின் முதலான பொருட்கள், அவை சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பு வாசலைத் தாண்டாது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காப்பியும் குறைக்கும், தேநீர் அளவுக்கு இல்லை. பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

வாயால் சொல்லி மதினிக்கு விளங்கவில்லை. அதனால் ஒன்று செய்து காட்டினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு இரும்பு மாத்திரை ஒன்றை எடுத்து, மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பொடித்தேன். கண்ணாடி டம்ளரில் ஆறின கட்டஞ்சாயா, நல்ல செம்பழுப்பு நிறத்தில் இருந்தது. பொடியைப் போட்டுக் கலக்கினேன். அடியிலிருந்து ஒரு கருநீலம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க மைக்கறுப்பு, பின்னால் வைத்த விரல் தெரியவில்லை. மதினி டம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதா வயித்துக்குள்ள நடக்குது?" என்றார்.

அதேதான். இதில் புதுமையும் இல்லை. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுவதற்கு மை காய்ச்சுவார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, இன்றைய அரசு மாத்திரையில் இருப்பதும் அந்த உப்புதான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தாலும் மை. வயிற்றுக்குள் மை காய்ச்சினால் ரத்தம் எப்படி ஊறும்? (நீங்களும் செய்து பார்த்தால் அந்த டம்ளரை உடனே கொட்டிக் கழுவிவிடுங்கள். இரும்பு மாத்திரைப் பட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.)

கட்டனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிரில் இருக்கிறவரிடம் போய் அப்படிச் சொல்வது அநியாயம். நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் பெரிய தொந்தரவு இல்லை. சாப்பிட்ட பிறகு என்றால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் போகட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டாம். சாப்பாட்டோடு சூடாக வேண்டுமென்றால் சீரகத் தண்ணீரோ, வெறும் வெந்நீரோ குடிக்கலாம். மதினி இப்போது ஜீப்பை விட்டு இறங்கியதும் கட்டனைக் குடித்துவிடுகிறார், மறுபடி மூன்று மணிக்குத்தான். மத்தியானத்துக்கு ஃபிளாஸ்கில் சீரகத் தண்ணீர் போகிறது.

இனி, யாரோடு சேர்ந்து வந்தால் வாசல் திறக்கும் என்பதைப் பார்க்கலாம். முதல் ஆள் புளிப்பான பழங்களில் இருக்கும் வைட்டமின் சி. கீரை, தானியத்து இரும்பு பெரும்பாலும் துருவைப் போன்ற வடிவத்தில் இருக்கும், குடல் வாசல் அதை ஏற்காது. வைட்டமின் சி அதை ஏற்கத்தக்க வடிவத்துக்கு மாற்றி, வேறு யாரும் பிடித்துக்கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போகும். அதே சாப்பாடு, அதே கீரை, மேலே அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சேரும் இரும்பு கூடுகிறது. எலுமிச்சையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், சூட்டில் வைட்டமின் சி அழியும். இறக்கிய பிறகு பிழியுங்கள். இன்னும் நல்லது கொய்யா. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சைப் போலப் பல மடங்கு. நெல்லிக்காயிலும் நிறைய. சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்ததுமோ ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். கம்பத்தில் சந்தைக்குப் போனால் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள், ஆப்பிள் விலையில் கால்பங்கு கூட இராது.

எங்கள் ஊர்த் திராட்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனம் நோகாமல் கேளுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமை. அந்த வாசனைக்கு வேறு திராட்சை ஈடாகாது. ஆனால் "திராட்ச ரசம் குடிச்சா ரத்தம் ஊறும்" என்று சொல்கிறார்களே, அது நிறத்தைப் பார்த்துச் சொல்வது. திராட்சையில் இரும்பும் குறைவு, வைட்டமின் சியும் குறைவு. பீட்ரூட்டும் அப்படித்தான், 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்பு கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. இவையெல்லாம் நல்ல உணவுகள், தாராளமாகத் தின்னுங்கள். ரத்தத்தின் நிறத்தில் இருப்பதெல்லாம் ரத்தமாகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடனை வாங்கி மாதுளை வாங்குகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில் கொள்ளும் மொச்சையும் மூட்டையாக வாங்கலாம்.

இரும்பு உண்மையில் இருப்பது நம் பாட்டிமார் சமைத்ததில். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல், கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேல், கேப்பையில் 4 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. தானியமும் பயறும் விதைகள். முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸை விதை தனக்குள் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டுக்குப் பைட்டேட் என்று பெயர். அது இரும்பையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் வழியை நம் ஆட்கள் பெயர் தெரியாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஊற வைப்பது, முளை கட்டுவது, புளிக்க வைப்பது. என் அப்பத்தா ராத்திரியே கேப்பை மாவைக் கரைத்துப் பானையில் மூடி வைத்துவிடும், விடியும்போது லேசாகப் புளித்த வாடை அடிக்கும். அதைக் காய்ச்சித்தான் கூழ். அந்த ஒரு ராத்திரிப் புளிப்பில் பைட்டேட் பூட்டு நிறைய தளர்ந்துவிடும். இப்போது மாவைக் கரைத்து அப்படியே பத்து நிமிடத்தில் கஞ்சி காய்ச்சுகிறோம். மாவு அதே மாவுதான், உள்ளே சேர்வது குறைந்துவிட்டது. இட்லி மாவு புளிப்பதும் இதே கணக்கு. பயறை முளை கட்டினால் இன்னொரு லாபம், முளையில் வைட்டமின் சியும் உண்டாகிறது.

பாத்திரமும் பேச வேண்டிய விஷயம். இரும்புச் சட்டியில் புளிக்குழம்போ தக்காளித் தொக்கோ வைத்தால் புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வீட்டில் பரண்மேல் கிடக்கும் வடச்சட்டியை இறக்கித் தேய்த்துப் பயன்படுத்துங்கள். செய்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து வாடை வரும்.

கறி தின்கிறவர்களுக்கு வழி சுலபம். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். ஆட்டின் மண்ணீரல் அது, 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு, அதில் நேர் வாசலில் நுழையும் ரகமும் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். மீனுக்கும் கறிக்கும் இன்னொரு குணம் உண்டு. தட்டில் கூட இருக்கும் கீரை, பருப்பின் இரும்பையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்தி மீன் குழம்பும் சாப்பிடுகிறார்கள். கப்பைக்கிழங்கில் இரும்பு சொற்பம்தான், மத்தியும் குடம்புளியும் அந்தத் தட்டைக் காப்பாற்றுகின்றன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மீன் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். கழிப்பறை, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வித்தியாசம். ஆனால் காலையில் ஒரு மேடு ஏறி மாலையில் இறங்குகிற தூரத்தில் இவ்வளவு வித்தியாசம் என்பது என்னைத் தூங்க விடாத கணக்கு.

கழிப்பறை என்று சொன்னேன். ரத்தம் ஊறுவதைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, ஒழுகுவதையும் பார்க்க வேண்டும். ஏலக்காட்டு ஈர மண்ணில் அட்டை கடிப்பதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். அட்டை குடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயம். கண்ணுக்குத் தெரியாமல் குடிப்பது கொக்கிப்புழு. திறந்த வெளியில் மலம் கழித்த இடத்து ஈர மண்ணில் அதன் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் பல்லை ஊன்றிக்கொள்ளும். வகையைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் குடிக்கும். சின்ன ரகத்திலேயே நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லி ரத்தம், ஒன்றரை மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டிலிருந்து கஷ்டப்பட்டுச் சேர்த்ததை அப்படியே அது எடுத்துக்கொள்கிறது. காலில் பூட்ஸோ மூடின செருப்போ இல்லாமல் காட்டில் இறங்காதீர்கள். பூச்சி மாத்திரை, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஏதோ சடங்கு என்று தவற விடாதீர்கள். பெரியவர்கள் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மனசுக்கு வருகிறேன். மதினி சுவரைப் பார்த்துப் படுத்ததை நாங்கள் கவலை என்று நினைத்தோம். மூளைக்கும் இரும்பு வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. மனதுக்கு ஊக்கம் கொடுக்கும் டோபமைன், அமைதி கொடுக்கும் செரடோனின், இந்த இரண்டையும் மூளை தயாரிக்கும்போது வேலை செய்யும் நொதிகளுக்கு இரும்பு இல்லாமல் முடியாது. இரும்பு குறைந்தவருக்குக் கவனம் நிற்காது, எரிச்சல் வரும், படுத்தால் கால் குடைந்துகொண்டே இருக்கும், தூக்கம் கெடும். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே அசதி ஆரம்பித்துவிடலாம், ஏனென்றால் சேமிப்பு காலியான பிறகுதான் ரத்தத்தில் குறைவு தெரியும். இத்தனையையும் சேர்த்து நாம் ஒரே வார்த்தையில் "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிற பெண்பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவது, சிலேட்டுக் குச்சி, சாம்பல், செம்மண், ஐஸ் கட்டி தின்பது. மதினியின் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும். நாங்கள் சிரித்திருக்கிறோம். அது கெட்ட பழக்கம் இல்லை, இரும்பு குறைந்த உடம்பில் அடிக்கடி காணும் ஆசை. இரும்பு ஏறினால் தானாகப் போய்விடும்.

எல்லா மனச்சோர்வும் இரும்புக் குறைவு ஆகிவிடாது. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, உண்மையான மனச்சோர்வு நோய், எல்லாவற்றுக்கும் இதே முகம்தான். அதனால்தான் பரிசோதனை. தாளில் மூன்று வரியைப் பாருங்கள். ஹீமோகுளோபின் முதல் வரி. எம்.சி.வி. என்று இருப்பது சிவப்பணுவின் பருமன், 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன, பெரும்பாலும் இரும்புக் குறைவு. பெர்ரிட்டின் என்பது சேமிப்புக் கிடங்கு, 15க்குக் கீழே என்றால் கிடங்கு காலி. காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது பெர்ரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அணு சிறுத்திருந்தும் பெர்ரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையாக இருக்கலாம், அவர்கள் இரும்பு மாத்திரையைத் தாமாகப் போடக் கூடாது. ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மூலமா, வயிற்றுப் புண்ணா, வேறு ஏதாவதா என்று தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

8.4க்கு வந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். கொய்யாவும் சுவரொட்டியும் கிடங்கு காலியாகாமல் காக்கும், காலியான கிடங்கை அவ்வளவு சீக்கிரம் நிரப்பாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம், காரணம் வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. கறுப்பாகப் போவது மாத்திரையினால், பயம் வேண்டாம். கல்லீரலில் ஹெப்சிடின் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான். ஒரு மாத்திரை போட்டதும் அவன் ஒரு நாள் முழுக்க வாசலைச் சாத்தி வைக்கிறான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலே நன்றாகச் சேருகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் சொன்னபடி தினமும் போடுங்கள். மாத்திரையைத் தண்ணீரில் போடுங்கள், எலுமிச்சைச் சாற்றோடு என்றால் இன்னும் நல்லது. பாலோடு வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு வேண்டாம். கட்டனோடு வேண்டவே வேண்டாம், அந்த டம்ளர்தான் உங்களுக்குத் தெரியுமே.

மதினிக்கு இரண்டு மாதத்தில் 10.6 வந்தது. நாலாவது மாதம் 12.1. மாத்திரை இன்னும் ஓடுகிறது. எண் சரியானதும் நிறுத்தினால் கிடங்கு காலியாகவே இருக்கும், அதனால் அதற்கப்புறமும் மூன்று மாதம் போட வேண்டும். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், கூட ஜீப்பில் வரும் இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். "இவளுகளுக்கும் ரத்தத்த எடு. அப்பறம் அந்த மையக் காட்டு" என்றார். நான் அடுப்பில் தேயிலையைப் போட்டேன்.